பாதிப் பாட்டில் இறங்கிப் போகிறவன்

என் அண்ணன் வெண்டல் பக்கவாதத்தில் விழுந்து, ஆஸ்பத்திரியில் மெல்லக் கெட்டிச் சாப்பாடு விழுங்க ஆரம்பித்திருந்த நேரம். நர்ஸ் ஒருத்தி தட்டில் ரொட்டிக்கு நடுவே இறைச்சிக் குழல் வைத்த ஹாட்டாக் கொண்டுவந்து, "கெட்சப் போடட்டுமா, சார்?" என்று கேட்டாள். "ஆமா" என்றான். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சிகாகோவில் எங்கள் தெற்குப் பக்கத்தில் ஹாட்டாக்கில் கடுகு விடுவோம், வெங்காயம் போடுவோம், பச்சை மிளகாய் வைப்போம். கெட்சப் விடுகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். வெண்டல் அதற்கும் ஒரு படி மேல். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவே கெட்சப் பாட்டிலைத் தூக்கியதைப் பார்த்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டவன். வலது கை போனது, கால் போனது என்பதெல்லாம் டாக்டர் சொல்லி எனக்குத் தெரிந்தது. என் அண்ணன் போய்விட்டான் என்பது அந்த ஆமாவில்தான் தெரிந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "நாம பேசறது அவருக்கு முக்கால்வாசி புரியுதும்மா. ஆனா வாயில மிஞ்சினது அந்த ஒரு சொல்லுதான். மனசுல வேற நினைச்சாலும் அதுதான் வரும். தலையாட்டறதையும் நம்பாதீங்க."

"அப்ப அவனுக்கு ஒண்ணு பிடிக்கலன்னா எப்படிச் சொல்லுவான்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதில் இருந்திருந்தால் கையைப் பிடித்திருக்க மாட்டாள்.

உங்களுக்குத் தெரியாது, வெண்டல் பிக்கெட் என்ற மனிதன் முழுக்க முழுக்க 'இல்ல' என்ற சொல்லால் செய்யப்பட்டவன். வாரம் முழுக்கத் தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் பிரித்துப் பொந்துகளில் போடுகிற வேலை. தப்பான பொந்தில் போட்ட கடிதம் போய்ச் சேராது என்பது அவன் மதம். சனிக்கிழமை வந்தால் இசைத்தட்டுக் கடையிலும் முடிவெட்டும் கடையிலும் உட்கார்ந்து அதே வேலையைப் பாட்டுகளுக்குச் செய்வான். எங்கள் ஊரில் பிறந்த ஆட்ட இசைக்கு ஹவுஸ் என்று பெயர். கார் ஃபேக்டரி ஊரான டெட்ராயிட்டில் பிறந்தது டெக்னோ. இரண்டுக்கும் ஆளுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். எது எந்தப் பிள்ளை என்று சொல்லச் சொல்லி அவனைக் கிளறிவிடுவதுதான் முடிவெட்டும் கடைக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு.

"சோல்ஃபுல் ஹவுஸுக்கும் டீப் ஹவுஸுக்கும் என்னதான்யா வித்தியாசம்? ரெண்டும் ஒரே மாதிரி டம்டம்னுதான இருக்கு?" என்பார்கள்.

"இல்ல! ஹவுஸுன்னாலே அழுகை. சோல்ஃபுல் ஹவுஸ்னா ஊரறிய மாரடிச்சு அழறவன். கோஸ்பல் ஹவுஸ்னா சர்ச்சுக்குள்ள நின்னு, யார்கிட்ட அழறோம்னு தெரிஞ்சு அழறவன். டீப் ஹவுஸ்காரன் இருக்கானே, அவன் குளியலறையில தண்ணியத் திறந்துவிட்டு அழுதுட்டு, முகத்தக் கழுவிட்டு வந்து, 'ஒண்ணுமில்ல, கண்ணுல சோப்பு'ம்பான்."

"ஆசிட் ஹவுஸ்?"

"அது அழுகையில்ல. பல்வலி."

"அப்ப டெக்னோ?"

இதற்கு மட்டும் குரல் இறங்கும். "அவனுக்கும் அதே துக்கந்தான். ஆனா அவன் கார் ஃபேக்டரியில ஓடற பெல்ட்டு முன்னாடி நிக்கிறான். அழுதா கை மாட்டிக்கும்."

கடையே சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் எவனாவது, "ஆனா வெண்டல்..." என்று ஆரம்பிப்பான். "இல்ல" என்று வந்து விழும். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். ஒருவனும் அவனை ஜெயித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்கு விளங்காது. ஆடுகிற இடத்தில் வெண்டல் வாதாட மாட்டான். பாட்டுப் போடுகிறவன் தப்பான பாட்டைப் போட்டால், ஹவுஸ் என்று சொல்லி வேறெதையோ விற்கப் பார்த்தால், பாதிப் பாட்டில் இறங்கிப் போய்விடுவான். தண்ணீர் வைத்திருக்கும் இடத்துக்கு நேராகப் போய், ஒரு தம்ளர் பிடித்து, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடிப்பான். எங்கள் கூட்டத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. முட்டை எறிந்தால்கூடத் துடைத்துக்கொள்ளலாம். ஒருமுறை ஏரிக்கரைப் பூங்காவில், ஜூலை மாதப் பிக்னிக்கில், அவன் அப்படி இறங்கியபோது பின்னாலேயே பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். அந்த டிஜே அதன்பிறகு காப்பீடு விற்கப் போய்விட்டார்.

அவனை ஒரே ஒருவன்தான் எதிர்த்து நின்றான். ஏமோஸ் டில்லர்ட். டெட்ராயிட்காரன், நிஜமாகவே கார் ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். வாலிபத்தில் இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி திரிந்தார்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஏமோஸின் தாள இயந்திரத்தையும் வெண்டலின் பழைய கீபோர்டையும் வைத்துக்கொண்டு ஒரு இசைத்தட்டுச் செய்தார்கள். நான் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டே எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வெண்டல் எனக்குத் தெரியாமல் என் முதுகுக்குப் பின்னால் மைக்கை நீட்டிப் பிடித்துவிட்டான். இசைத்தட்டுக்கு 'சமையலறை' என்றே பெயர். ஒரு பக்கம் என் முணுமுணுப்போடு. மறுபக்கம் ஏமோஸ் அதை எடுத்துவிட்டு, தாளத்தையும் அடிநாதத்தையும் மட்டும் ஓடவிட்டது. சண்டை அந்த மறுபக்கத்தைப் பற்றித்தான்.

"அவ குரல எடுத்துட்ட, சரி. ஆனா அவ நின்ன எடம் காலியா இருக்கே, அது கேக்குதேடா! அதனால இது டீப் ஹவுஸ்" என்றான் வெண்டல்.

"காலியா இருக்கறதுக்குப் பேருதாண்டா டெக்னோ" என்றான் ஏமோஸ்.

சிரிக்காதீர்கள். இதற்காக இரண்டு ஆண்பிள்ளைகள் செய்ததைக் கேளுங்கள். சிகாகோவில் ஒரு கடையில் அந்தத் தட்டை 'டெட்ராயிட் டெக்னோ' என்று அட்டை குத்திய பெட்டியில் வைத்திருந்தார்கள். வெண்டல் சனிக்கிழமை தோறும் போய், கடைக்காரர் அசந்த நேரம் பார்த்து, எல்லாவற்றையும் எடுத்து 'டீப் ஹவுஸ்' பெட்டியில் செருகிவிட்டு வருவான். ஏமோஸ் அவ்வளவு தூரம் காரோட்டி வந்து திரும்பப் பழைய பெட்டியிலேயே செருகிவிட்டுப் போவான். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். சட்டை கிழிந்தது. கடைக்காரர் இருவரையும் வெளியே தள்ளி, மிச்சத் தட்டுகளை 'மற்றவை' என்ற பெட்டியில் போட்டுவிட்டார். அங்கிருந்து அவற்றை யாரும் வாங்கவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். வெண்டலை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவனுக்குக் கல்யாணம் கட்டின பொண்டாட்டி நிலைக்கவில்லை. எனக்கும் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். செய்தி பரவியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் நலம் விசாரிக்கத்தான் வந்தார்கள். பிறகு ஒருவன் விளையாட்டாக, "வெண்டல், நியூயார்க்காரனோட கராஜ் இசையும் நம்ம ஹவுஸும் ஒண்ணுதான்னு நான் அன்னிக்குச் சொன்னேனே, சரிதானே?" என்றான். "ஆமா" என்றது என் அண்ணன் வாய். கேட்டவன் எழுந்து குதித்தான். மறுவாரம் நாலு பேர் வந்தார்கள். இருபது வருஷத் தோல்விகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக அவன் முன்னால் வைத்து ஜெயித்துக்கொண்டு போனார்கள். செத்த பாம்பை அடிப்பதில் சிலருக்கு என்ன சுகமோ. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள் நான், கத்துவதற்குச் சம்பளம் வாங்கியவள். அந்த நாலு பேரும் அதற்கப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

ஆனால் ஏமோஸ் வந்தபோது என்னால் கத்த முடியவில்லை. கையில் ஒரு பெட்டி இஞ்சி சோடாவோடு வாசலில் நின்றான். உடம்பு முடியாதவர்களைப் பார்க்க வரும் டெட்ராயிட்காரர்கள் அதைத்தான் கொண்டுவருவார்கள். தலை முழுக்க நரைத்து, ஒரு தோள் இறங்கிப்போய் இருந்தான். அவனைப் பார்த்ததும் வெண்டலின் முகம் விரிந்த விதம் இருக்கிறதே, அதை ஒரு வருஷமாக நான் பார்க்கவில்லை.

"கிழவனாயிட்டியேடா" என்றான் ஏமோஸ்.

"ஆமா."

"நானுந்தாண்டா."

"ஆமா."

ஏமோஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான். "பேச்சே இல்லன்னாங்க. நல்லாத்தான பேசறான், டோரின்!"

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. தம்ளர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். அதற்குள் ஏமோஸ் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டான். ஜெர்மனியில் ஒரு கம்பெனி பழைய டெட்ராயிட் டெக்னோவைத் தொகுத்து வெளியிடுகிறதாம். அதில் 'சமையலறை' மறுபக்கத்தைச் சேர்க்கப் போகிறார்களாம். செய்தவர்கள் இருவரும் சம்மதித்தால் போதுமாம்.

"டெக்னோன்னுதான் போடுவாங்க, வெண்டல். ஒளிச்சு மறைச்சுச் சொல்லல. உனக்குச் சம்மதமா? அது டெக்னோதானடா?"

"ஆமா."

நான் தம்ளரோடு வந்தபோது ஏமோஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். "இதச் சொல்ல உனக்கு முப்பது வருஷம் ஆச்சுடா, பாவி" என்று விரல்களுக்குள்ளேயே சொன்னான்.

"ஏமோஸ்" என்றேன். "நீ ஒரு கழுதையான்னு அவனக் கேளு."

"என்னது?"

"கேளேன்."

"வெண்டல், நான் கழுதையாடா?"

"ஆமா" என்றான் வெண்டல். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்ததில் நாங்களும் சிரித்தோம். ஆனால் ஏமோஸ் பாதியில் நிறுத்திவிட்டான். என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் அவனுக்கு மெல்ல இறங்கியது.

வாசலுக்கு வழியனுப்பப் போனபோது கேட்டான்: "அப்ப அவனுக்காக நீதான் சொல்லணும் இல்லையா? சட்டப்படி."

"நானா? நான் வேணாம்னுதான் சொல்வேன். உசுரோட இருந்தப்ப அவன் அதுக்கு ஒத்துக்கல."

"இப்பவும் உசுரோடதான இருக்கான், டோரின்." குரலில் கோபமில்லை. "மனுஷன் மாற மாட்டானா? என்னப் பாத்ததும் அவன் முகத்தப் பாத்தியா? ஒருவேளை நிஜமாவே சரின்னு சொன்னானோ என்னவோ. இல்ல, உன் குரலு அந்தப் பக்கத்துல இல்லங்கிறதுக்காக நீ வேணாங்கிறியா?"

செருப்பால் அடித்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஏனென்றால் எனக்கே தெரியவில்லை. நான் அண்ணனுக்காகப் பேசுகிறேனா, தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணுக்காகப் பேசுகிறேனா? வாழ்க்கையில் நான் வாய் திறந்து பாடி எங்கேயாவது பதிந்திருக்கிறது என்றால் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நான் செய்த கூத்துகளைச் சொன்னால் வெட்கக்கேடு. அந்த இசைத்தட்டை எடுத்து இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் போட்டேன். அவன் முன்னால் மண்டியிட்டு முகத்தை முறைத்துப் பார்த்தேன். என் பக்கம் ஓடும்போது கண் கலங்கியது. சரி என்று நினைத்தேன். ஏமோஸ் பக்கத்துக்கும் கலங்கியது. பக்கத்துவீட்டுக்காரன் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டியபோதும் கலங்கியது. இடது கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து வட்டம் போட்டால் சரி, கோடு போட்டால் வேண்டாம் என்றேன். காகிதத்தைக் கசக்கி என் மேல் எறிந்தான். அதையாவது ஒரு பதிலாக எடுத்துக்கொண்டிருப்பேன். எந்தக் கேள்விக்கு எறிந்தான் என்றுதான் தெரியவில்லை.

"சொல்லுண்ணே, நான் என்ன பண்றது? நீ ஒரு தடவை இல்லன்னு சொல்லிடு, போதும். ஊர் உலகத்துக்கே சொன்னியே. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லேன்" என்று அவன் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். அவன் நல்ல கை என் தலையைத் தடவியது.

"ஆமா" என்றான். "ஆமா, ஆமா."

கடைசியில் ஏமோஸுக்கு ஃபோன் போட்டேன். அந்த ஜூலைப் பிக்னிக்கில் வாசிக்க அவனை விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். "அங்க போடு. ஜனத்துக்கு நடுவுல கேக்கட்டும். அவன் முகத்தப் பாத்துட்டு அங்கயே கையெழுத்துப் போடறேன், இல்லன்னா இல்ல" என்றேன். "சரி, தங்கச்சி" என்றான். எதைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சாமி இல்லாத கோயிலில் வாக்குக் கேட்கிற மாதிரிதான் அது.

பிக்னிக்கன்று வெயில் கொளுத்தியது. கூடாரத்துக்குக் கூடாரம் விலா எலும்புக் கறி வாட்டுகிற புகை. பேரப்பிள்ளை எடுத்தவர்களெல்லாம் தங்கள் பழைய பள்ளிக்கூடத்தின் பெயர் போட்ட சட்டையில் இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு முன்னால் புல்லின் மேல் ஆடுவதற்குப் பலகை பரப்பியிருந்தது. வெண்டலின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனதும் ஜனங்கள் விலகி, பலகைக்கு நட்டநடுவில் அவனுக்கு இடம் விட்டார்கள். "தலைவரே!" என்று ஒருத்தி அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

"ஆமா" என்றான்.

"தலைக்கனத்தப் பாரு!" என்று அவள் சிரித்தாள்.

ஏமோஸ் மைக்கைப் பிடித்தான். "இத நானும் என் சகோதரன் வெண்டலும் செஞ்சோம். முப்பது வருஷமா இதுக்கு ஒரு பேருல ஒத்துப்போக முடியல. இன்னிக்கு ஒத்துப்போயிட்டோம். டெட்ராயிட் டெக்னோ!" கூட்டம் அன்பாகக் கூச்சல் போட்டது. சிகாகோவில் அந்தச் சொல்லுக்குக் கூச்சல் வந்தது என்றால் அது வெண்டலுக்காகத்தான்.

மறுபக்கம் ஓடியது. என் குரல் இல்லாத பக்கம். நான் பலகையின் ஓரத்தில் நின்று அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு அவன் இடது கை நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்தது. தள்ளியது. வலது கைதான் செத்துக் கிடக்கிறதே, ஒரு சக்கரம் மட்டும் உருண்டால் நாற்காலி எங்கே போகும்? வலப்பக்கமாகச் சுற்றியது. மறுபடி தள்ளினான். மறுபடி சுற்றியது.

"ஆடறாரு! வெண்டல் ஆடறாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். கூட்டம் அவனைச் சுற்றி வளையம் கட்டிவிட்டது. தாளத்துக்குக் கை தட்டினார்கள். அவன் சுற்றச் சுற்ற ஆரவாரம் ஏறியது. மேடையில் ஏமோஸ் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். எனக்கும் ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோனது. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றே நினைத்துவிட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்துக்கு வரும்போது அவன் நிறுத்தினான். தலையை நீட்டினான். உடம்பை முன்னால் சாய்த்து, பல்லைக் கடித்து, நேராகப் போவதற்கு ஒரு உந்து உந்தினான். நாற்காலி திரும்பவும் பக்கவாட்டில் வழுக்கியது. அடுத்த சுற்றிலும் அதே இடம். நான் திரும்பி அந்தத் திசையைப் பார்த்தேன். மரத்தடியில் மஞ்சள் நிறத் தண்ணீர்ப் பீப்பாய் இருந்தது.

என் அண்ணன் ஆடவில்லை. இறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"வழி விடுங்க! அவன விடுங்க!" என்று கத்தினேன். பஸ் முழுக்கப் பிள்ளைகளை அடக்கிய குரல் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நானும் ஆட வருகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் என் கையைப் பிடித்துச் சுழற்றினார்கள். தோளால் இடித்துக்கொண்டு நான் நாற்காலியை எட்டிப் பிடித்தபோது பாட்டு முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. அவன் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. தள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்தி, ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். மேடைக்கு முதுகு இருக்கும்படி நாற்காலியைத் திருப்பி வைத்தேன். குடித்தான்.

"இறங்கி வந்தியாண்ணே?"

"ஆமா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்ததைக் கேட்டே இருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை. "இல்ல, ஆடினியா?"

"ஆமா."

ஏமோஸ் ஓடிவந்தான். வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தது. "பாத்தியா, டோரின்! பாத்தியா! எப்படி ஆடினான்!"

"அவன் இறங்கிப் போனான், ஏமோஸ்."

அந்த முகம் சுருங்கியதை நான் பார்த்திருக்க வேண்டாம். தண்ணீர்ப் பீப்பாயைப் பார்த்தான். தம்ளரைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும், வெண்டல் பாதிப் பாட்டில் இறங்குகிறவன் என்று. நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அந்த உரிந்த கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"எம்மேல கோபமாடா?"

"ஆமா."

"மன்னிச்சிட்டியாடா?"

"ஆமா."

மூன்று பேரும் அந்த மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். யாரோ தட்டுகளில் கறி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏமோஸ்தான் வெண்டலுக்கு எலும்பிலிருந்து பிய்த்து ஊட்டினான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தொகுப்பு வெளிவந்துவிட்டது, 'சமையலறை' அதில் இல்லை. ஏமோஸ் இப்போதும் ஃபோன் செய்வான். வெண்டலின் காதில் வைப்பேன். அவன் பேசுவான், இவன் ஆமா போடுவான். தட்டைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

தொகுப்பு வந்த அன்று வெண்டலுக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன். மனசு கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நான் செஞ்சது சரிதானாண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

சோப்பு நுரை அப்பிய முகத்தோடு என்னை நேருக்கு நேர் பார்த்தான். ரொம்ப நேரம் உதடு கோணிக் கோணி எதற்கோ முயன்றது. கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா" என்றான்.